புதுக்கோட்டைக்காரனுக்கு எதுக்குய்யா படகு?

தொண்டைமான் ராஜாக்கள் காலத்துப் புதுக்கோட்டைக்குக் கடலே கிடையாது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனபோதும் இல்லை. 1974 ஜனவரியில் தனி மாவட்டம் ஆனபோது தஞ்சாவூரிலிருந்து அறந்தாங்கிப் பக்கத்தை வெட்டி ஒட்டினார்கள். அப்படித்தான் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எல்லாம் நம்ம கணக்கில் வந்தது. ஓசியில் வந்த கடல்!

அதனாலோ என்னவோ, புதுக்கோட்டை டவுன்காரனுக்குப் படகுன்னா தெப்பம்தான். காலி டிரம்மைக் கட்டி, மேலே பலகை அடித்து, சாமியை ஏற்றிக் குளத்தைச் சுற்றி இழுப்பார்கள். யோசித்துப் பார்த்தால் நம்ம ஊரில் தொழில் எதுவும் இல்லாமல் சும்மா ஜாலியாகப் படகில் போனவர் சாமி மட்டும்தான் :-)

சரி, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் கழிக்க ஒருத்தன் ஆசைப்பட்டால் என்ன படகு பார்ப்பான்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் வரலாறு சுவாரசியமாக இருக்கிறது.

முதலில் கட்டுமரம். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியிட்ட பயணப் புத்தகத்தில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். லேசான கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். உள்ளே வந்த தண்ணீர் இடுக்கு வழியே வெளியே போய்விடும், அதனால் மூழ்காது. ஆனால் உட்கார்ந்தவன் நனையாமல் வரமுடியாது. மடியில் கைக்குழந்தையோடு போகிற வண்டி இல்லை அது. அதோடு கட்டுமரம் அலை உடைகிற திறந்த கடலுக்கு ஏற்றது. நம்ம பாக் நீரிணை ஆழமில்லாத, பெரிய அலை இல்லாத கடல். இங்கே பலகை அடித்த வள்ளம்தான் ராஜா. பக்கச்சுவர் இருக்கும், உள்ளே காய்ந்த இடத்தில் உட்காரலாம்.

வேடிக்கை என்னன்னா, கட்டுமரத்தின் பெயர் மட்டும் உலகம் சுற்றிவிட்டது. 1876-ல் நியூயார்க் பந்தயத்தில் நத்தானியல் ஹெரஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகை ஓட்டி ஜெயித்தார். அந்த வகைக்குக் 'கேட்டமரான்' என்ற பெயர் நிலைத்தது. நம்ம கட்டுமரத்துக்கு இரட்டை உடலே இல்லை! பிறகு 1960-களின் கடைசியில் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர், கரையிலிருந்தே தள்ளிக்கொண்டு போகிற மாதிரி சின்ன கேட்டமரானைக் கொண்டுவந்தார். சாதாரணக் குடும்பங்கள் கடற்கரைக்குக் கட்டி இழுத்துப் போகிற பொருளாகிவிட்டது அது.

எனக்கு அதைவிடப் பிடித்தது இங்கிலாந்தின் 'மிர்ரர்' படகு. 1963-ல் டெய்லி மிர்ரர் பத்திரிகையின் ஆதரவில் வந்தது. விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். பதினோரு அடி கூட இல்லை, எடை சுமார் 45 கிலோ. பிளைவுட் துண்டுகளாக வரும், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். எப்படி? பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையல் மேல் ஃபைபர் நாடாவும் பிசினும் வைத்து ஒட்டவேண்டும். எழுபதாயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள்.

பலகையைத் தைக்கிறதா? மெட்ராஸில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் கப்பலிலிருந்து ஆட்களைக் கரை சேர்த்த மசூலா படகும் அதேதான். ஆணி கிடையாது, தென்னை நார்க் கயிற்றால் தைத்தது. மணலில் மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். மிர்ரர் செய்தவர்கள் இங்கே பார்த்துக் கற்றார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் தையல் படகு இருந்த ஊரில், வீட்டில் தைக்கிற குடும்பப் படகு ஒன்று வரவே இல்லையே என்பதுதான் என் ஆதங்கம். நமக்குப் படகு பிழைப்புக்கான முதலீடு. விளையாட்டுக்கு யார் பணம் போடுவது?

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெல்லாம் ஃபைபர் படகு ஏராளமாக வந்தது. பல ஊர்களில் கட்டுமரத்தின் இடத்தை அதுதான் பிடித்தது. நம்ம பக்கமும் இப்போ ஃபைபர்தான். குடும்பத்தோடு போகணும்னா என் ஓட்டு, அகலமான சின்ன ஃபைபர் வள்ளத்துக்குத்தான். முத்துக்குடா அலையாத்திக் காட்டு ஓரம் மாதிரி இடத்தில் துடுப்போ கழியோ போதும், பெரிய எஞ்சின் தேவையே இல்லை. நீளத்தைவிட அகலத்தைப் பாருங்கள். நின்றால் எவ்வளவு ஆடுகிறது என்று கரையோரத் தண்ணீரிலேயே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, தலைகளை எண்ணுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உல்லாசமாகப் போன உறவுக்காரக் கூட்டத்தில் 22 பேர் இறந்தார்கள். வலையும் மீனும் ஏற்றுகிற படகில் பாரம் அடியில் கிடக்கும். மனிதர்கள் அப்படிக் கிடக்க மாட்டார்கள். ஒருத்தர் போட்டோ எடுக்க எழுந்தால், மற்றவர்களும் அதே பக்கம் சாய்வார்கள். நாலு பேர் குடும்பம், ஓட்டுகிறவர் ஒருத்தர், ஆக மொத்தம் அஞ்சு, அஞ்சு மிதவைச் சட்டை. மாமாவும் அத்தையும் கரையில் அடுத்த டிரிப்புக்கு நிற்கட்டும்.