சென்னைக் கிறித்துவக் கல்லூரி

சென்னைக் கிறித்துவக் கல்லூரி, கிழக்குத் தாம்பரத்தில் இயங்கும் சிறுபான்மைத் தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரியாகும். ஸ்காட்லாந்து சபையின் ஜான் ஆண்டர்சன் 1837-இல் நிறுவிய பள்ளியே இதன் தொடக்கம். வில்லியம் மில்லரின் தலைமையில் கல்லூரியாக வளர்ந்து, இடநெருக்கடியால் 1937-இல் நகரின் நெரிசலிலிருந்து சேலையூர்க் காட்டையொட்டிய ஏறத்தாழ 365 ஏக்கர் நிலத்துக்கு இடம்பெயர்ந்தது. தன்னாட்சித் தகுதி 1978-இல் கிடைத்தது.

இங்கு அரசு ஊதிய மானியம் பெறும் 'உதவிபெறும்' பிரிவும், கட்டணத்தையே நம்பி நடக்கும் 'சுயநிதி'ப் பிரிவும் ஒரே வளாகத்தில் இயங்குவதால், எந்தப் பிரிவில் இடம் கிடைக்கிறது என்பதே மாணவரின் செலவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. விடுதிக் கட்டணமும் உணவுச் செலவும் தனி.

மாணவர் வாழ்வின் மையம் 'ஹால்' எனப்படும் விடுதிகள். சேலையூர் ஹால், புனித தோமையர் ஹால், பிஷப் ஹீபர் ஹால் ஆகிய பழைய மூன்றிலும் தங்குவோர், படித்த துறையைவிட ஹாலின் பெயராலேயே தம்மை அடையாளப்படுத்திக்கொள்வது குறிப்பிடத்தக்கது. புறநகர் மின்ரயிலில் வந்துபோகும் மாணவர்களுக்கு இவ்வாழ்வு பாதியே வாய்க்கிறது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் முன்னின்று மரங்கள் வளர்த்த இவ்வளாகத்தில் புள்ளிமான்கள் திரிகின்றன. குடியரசுத் தலைவராக இருந்த எஸ். இராதாகிருஷ்ணன், கல்லூரி தாம்பரம் வருமுன் அதில் மெய்யியல் பயின்றவர்.