பரதம் ஆடும் பிள்ளைகளுக்கு முட்டி வலி வருவது ஏன்? பெற்றோர் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

"அம்மா, முட்டி வலிக்குதும்மா..." பரதநாட்டிய வகுப்பு முடிந்து வரும் பிள்ளை இப்படிச் சொன்னால், "ஆட ஆட சரியாயிடும்" என்பதுதான் பல வீடுகளில் பதில். சிலர் பயந்துபோய் வகுப்பையே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், பெரும்பாலும் ஆட்டத்தை விடாமலே சரிசெய்யலாம்.

அரைமண்டிதான் காரணமா?

அரைமண்டியில் இடுப்பு, முட்டி, பாதம் மூன்றும் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். இந்தத் திருப்பம் தொடங்க வேண்டிய இடம் இடுப்பு மூட்டு. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடுப்பு எலும்பின் அமைப்பு ஒன்றல்ல. சிலருக்குத் தொடை எலும்பு இயல்பிலேயே உள்பக்கம் திரும்பியிருக்கும். அவர்கள் பாதத்தை மட்டும் வலுக்கட்டாயமாகத் திருப்பினால், நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கப்படுவது முட்டிதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை: பிள்ளையை அரைமண்டியில் நிற்கச் சொல்லி எதிரே உட்கார்ந்து பாருங்கள். முட்டி, கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். முட்டி உள்ளே சரிந்தாலோ, உள்ளங்கால் தரையோடு தட்டையாக அமுங்கினாலோ, திருப்பம் இடுப்பிலிருந்து வரவில்லை என்று அர்த்தம்.

ஆபத்தைக் கூட்டும் மற்ற காரணங்கள்

வளரும் வயது: பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 10 முதல் 13 வயது, ஆண் பிள்ளைகளுக்கு 12 முதல் 15 வயது. எலும்பு வேகமாக நீளும். தசை அதே வேகத்தில் ஈடுகொடுக்காது. முட்டிக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் வலியும் வீக்கமும் வந்தால், அது 'ஆஸ்குட் ஷ்லாட்டர்' பிரச்னையாக இருக்கலாம். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானாகவே அடங்கும்.

தசை பலம்: தொடையின் முன்பக்கத் தசையும் இடுப்பின் பக்கவாட்டுத் தசையும் பலவீனமாக இருந்தால், முட்டிச் சில்லு நேர்க்கோட்டில் நகராமல் உரசும். படி ஏறி இறங்கும்போதும், சம்மணம் போட்டு நீண்ட நேரம் உட்கார்ந்து எழும்போதும் முன்முட்டி வலிப்பது இதன் அடையாளம்.

அதிகமாக வளையும் உடல்: "என் பொண்ணு ரப்பர் மாதிரி வளைவா" என்று பெருமைப்படுகிறோம். மூட்டு அளவுக்கு மீறி வளைந்தால், அதைப் பிடித்து நிறுத்தத் தசைக்கு இன்னும் கூடுதல் பலம் வேண்டும்.

தரை: திருநின்றவூர், ஆவடி, அம்பத்தூர் பக்கம் வீட்டு ஹாலிலும் மொட்டை மாடியிலும் வகுப்பு நடப்பது சகஜம். டைல்ஸ், சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு தட்டும்போது அதிர்ச்சியைத் தாங்குவது கால்தான். மண்டி அடவில் முட்டியே தரையைத் தொடும்.

திடீர் பயிற்சி: வாரத்துக்கு 2 நாள் ஆடிய பிள்ளை, அரங்கேற்றமோ மார்கழிக் கச்சேரியோ நெருங்கியதும் தினமும் மணிக்கணக்கில் ஆடும். பல பிள்ளைகளுக்கு வலி தொடங்குவது இந்த நேரத்தில்தான்.

என்ன செய்யலாம்?

* பயிற்சி நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும்.
* வலி இருக்கும்வரை குதிக்கும் அடவு, முழுமண்டி, மண்டி அடவைக் குறைத்து, முத்திரை, அபிநயத்தில் கவனம் செலுத்தலாம். அரைமண்டியின் ஆழத்தைக் குறைக்கலாமா என்று டீச்சரிடம் பேசுங்கள்.
* ஆடும் முன் 10 நிமிடம் உடலைச் சூடேற்றும் பயிற்சி கட்டாயம். இடுப்பு, தொடைத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சிகளை பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள்.
* முடிந்தால் மரத்தளம். இல்லையென்றால் வழுக்காத, நகராத கனமான விரிப்பு.
* வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆட விடாதீர்கள். வலி மறையும், காரணம் மறையாது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

முட்டி வீங்கினால், பூட்டிக்கொண்டதுபோல் மடக்க நீட்ட முடியாமல் போனால், இரவில் தூக்கம் கலையும் அளவு வலித்தால், காய்ச்சலும் சேர்ந்தால், தாமதிக்காதீர்கள். பிள்ளை நொண்டி நடந்தால் இடுப்பு மூட்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இடுப்புக் கோளாறின் வலி சில பிள்ளைகளுக்கு முட்டியில்தான் தெரியும். இந்தப் பகுதியில் இருப்பவர்கள் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு, மூட்டு சிகிச்சைப் பிரிவை அணுகலாம்.

அரங்கேற்றத் தேதியை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியும். முட்டி கெட்டுப்போனால் அதைத் திரும்பப் பெறுவது அவ்வளவு சுலபமில்லை.