கூடாரமும் கொட்டகையும்: மனநல ஆதரவு ஊரைத் தேடிய வரலாறு

1950 டிசம்பரில், லாகூர் மனநல மருத்துவமனையில் இருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் சுமார் 450 பேர் எல்லை கடந்து அமிர்தசரசுக்குக் கொண்டுவரப்பட்டனர். இந்தியாவில் இருந்த முஸ்லிம் நோயாளிகள் எதிர்த்திசையில் அனுப்பப்பட்டனர். பிரிவினைக்கு மூன்றாண்டுகளுக்குப் பின் நடந்த இந்தப் பரிமாற்றத்தை இலக்கிய மாணவர்கள் சாதத் ஹசன் மண்ட்டோவின் ‘டோபா டேக் சிங்’ சிறுகதை வழியாக அறிவர். கதை எல்லைக்கோட்டிலேயே முடிந்துவிடுகிறது. அந்த நோயாளிகள் வந்துசேர்ந்த அமிர்தசரஸ் மருத்துவமனையின் வளாகத்தில் அடுத்த சில ஆண்டுகளில் நிகழ்ந்ததோ மனநல மருத்துவ வட்டாரத்துக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை.

மனநோயிலிருந்தும் போதைப் பழக்கத்திலிருந்தும் மீள்வதற்குச் ‘சமூக ஆதரவு’ வேண்டும் என்பது இன்று கொள்கை ஆவணங்களில் தவறாமல் இடம்பெறும் தொடர். அத்தகைய ஆதரவு ஊருக்குள் ஏற்கெனவே இருக்கிறது, நோயாளி அதைத் தேடிக் கண்டடைந்தால் போதும் என்ற எண்ணம் அத்தொடருக்குள் மறைந்திருக்கிறது. இந்தியாவின் அனுபவம் வேறு. ஆதரவு கிடைத்த இடங்களில் எல்லாம் யாரோ ஒருவர் அல்லது ஒரு குழு அதை உழைத்து உருவாக்கியிருக்கிறது. உருவாக்கப்படாத இடத்தில் ‘சமூகம்’ என்பது கைவிடுதலுக்கு இடப்பட்ட இன்னொரு பெயராகவே இருந்தது.

அமிர்தசரசின் நெருக்கடியை நாட்டின் பொதுநிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கை, இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு மனநலப் படுக்கை இருக்க, இந்தியாவில் 40,000 பேருக்கு ஒன்றே இருப்பதாகக் கணக்கிட்டது. நடைமுறையில் இருந்தது 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம். நோயாளியைப் பூட்டிவைத்துச் சமூகத்தைக் காப்பது அச்சட்டத்தின் அடிப்படை நோக்கு. உறவினருக்கு மனு எழுதிக் கொடுப்பதைத் தாண்டி மருத்துவமனைக்குள் பெரிய வேலை எதுவும் இல்லை.

1950களில் அமிர்தசரஸ் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த வித்யாசாகர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார். வளாகத்தின் திறந்த வெளியில் கூடாரங்கள் அடிக்கப்பட்டன. நோயாளியோடு குடும்பத்தாரும் அங்கே தங்கினர். சமைப்பதும் குளிப்பாட்டுவதும் மருந்து கொடுப்பதும் அருகில் அமர்ந்திருப்பதும் அவர்கள் பொறுப்பாயின. நோய் எதனால் வருகிறது, எப்படித் தணிகிறது, வீடு திரும்பியபின் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பனவற்றை வித்யாசாகர் அவர்களைக் கூட்டி வைத்துத் தொடர்ந்து விளக்கினார்.

படுக்கையும் பணியாளரும் போதாமையே கூடாரத்துக்கு முதற்காரணம். விளைவு பற்றாக்குறையைச் சமாளித்ததோடு நிற்கவில்லை. மனநோய் தீராது என்று நம்பி வந்த குடும்பம், பக்கத்துக் கூடாரத்து நோயாளி தேறி வீடு திரும்புவதைக் கண்ணால் கண்டது. ஊர் திரும்பியவர்கள் அந்தச் செய்தியையும் உடன் கொண்டுசென்றனர். வித்யாசாகர் தம் பணியைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. உடன் பணியாற்றியோரும் பின்வந்த மருத்துவர்களும் எழுதியவை வழியாகவே அக்கூடாரங்கள் வரலாற்றுக்குள் வந்தன.

1957இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில் குடும்பத்தார் உடன் தங்குவதையே சிகிச்சை முறையாக்கியது. 1970களின் நடுப்பகுதியில் சண்டிகர் மருத்துவ நிறுவனம் அரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும், பெங்களூரின் நிம்ஹான்ஸ் சகலவாராவிலும் சிகிச்சையைக் கிராமத்துக்கே கொண்டுசென்றன. ஆரம்பச் சுகாதார நிலையப் பணியாளருக்குப் பயிற்சி அளித்தால் கடுமையான மனநோயையும் கால்கை வலிப்பையும் கிராமத்திலேயே இனங்காண முடியும் என்பது அங்கே தெளிவாயிற்று. 1982இன் தேசிய மனநலத் திட்டமும், 1985இல் தொடங்கிய பெல்லாரி மாவட்டச் சோதனையும், 1996இன் மாவட்ட மனநலத் திட்டமும் இவ்வழியில் வந்தவை. கூடாரம் இவ்வாறு அரசுக் கொள்கைக்குள் நுழைந்தது. நுழையும்போது அதிலிருந்து ஒன்று உதிர்ந்தது. மருந்தும் பயிற்சியும் கிராமத்துக்குச் சென்ற அளவுக்கு, குடும்பத்தோடு அமர்ந்து பேசும் நேரம் செல்லவில்லை.

போதை மீட்பின் வரலாறு வேறொரு பாதையில் வந்து இதே இடத்தைத் தொடுகிறது.

மேற்கு ராஜஸ்தானில் அபினுக்கு ‘அமல்’ என்று பெயர். பஞ்சாபியில் போதைக்கு அடிமையானவர் ‘அம்லி’. செயல், நடைமுறை என்னும் பொருளுடைய அரபுச் சொல்லே இரண்டுக்கும் வேர். ‘சட்டம் அமலுக்கு வந்தது’ என்று தமிழில் வழங்குவதும் அதே சொல்தான். மார்வாரில் அப்பெயருக்கு ஏற்ப அபின் ஒரு நடைமுறையாகவே இருந்தது. திருமணத்திலும் இழவு வீட்டிலும் பகை தீர்க்கும் சபையிலும் விருந்தினருக்கு அபின் அளிப்பது மரியாதை, மறுப்பது அவமதிப்பு. ஊரே சேர்ந்து கொடுக்கும் ஒன்றைத் தனியொருவர் எப்படி விடுவது? மருத்துவமனையில் பத்து நாள் இருந்து திரும்புபவரை அதே சபைதான் வரவேற்கும்.

ஜோத்பூர் அருகிலுள்ள மாணக்லாவ் கிராமத்தின் அபின் மீட்பு முகாம்கள் இந்தச் சிக்கலுக்கு விடை தேடின. பின்னாளில் பத்ம பூஷண் பெற்ற நாராயண் சிங் மாணக்லாவின் முயற்சியில், ஜோத்பூர் மனநல மருத்துவர்களின் துணையோடு அவை நடந்தன. அபினை விட விரும்புவோர் கூட்டமாக ஓரிடத்தில் தங்கி, விலகலின் வேதனையைச் சேர்ந்தே கடந்தனர். கைநடுக்கமும் உடல்வலியும் தூக்கமின்மையும் தனக்கு மட்டும் நேர்ந்தவை அல்ல என்பதை ஒவ்வொருவரும் பக்கத்துப் பாயில் கண்டனர்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, 1989இல் மஞ்சக்குடியில் குடிநோயாளருக்கான 15 நாள் கிராம முகாமை நடத்தியது. உள்ளூர் அமைப்பு இடம் கொடுத்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆண்கள் வந்து தங்கினர். மனைவியருக்கும் குடும்பத்தாருக்கும் தனி அமர்வுகள் நடந்தன. முகாம் கலைந்தபின் மாதந்தோறும் தொடர்கண்காணிப்பு இருந்தது. நகரத்துப் படுக்கையின் செலவும் தொலைவும் கிராமத்துக் கூலித் தொழிலாளிக்கு எட்டாதவை என்பதே இங்கும் தொடக்கக் காரணம்.

1935இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தோன்றி, 1957இல் இந்தியாவுக்கு வந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தோடு இம்முகாம்களை ஒப்பிடுவது பயனுடையது. அவ்வியக்கத்தின் பெயரிலேயே பெயரின்மை இருக்கிறது. வேலையும் மதிப்பும் பறிபோகும் என்ற அச்சமின்றி ஒருவர் பேச அது வழிசெய்கிறது. அந்தப் பாதுகாப்பை நகரத்தில் அமைத்துக்கொள்ளலாம். யார் எந்த நேரத்தில் எந்தக் கடைவாசலில் நின்றார் என்பது எல்லோருக்கும் தெரிந்த சிற்றூரில் பெயரின்மைக்கு இடமில்லை. ஆகவே கிராம முகாம் மறைப்பதைக் கைவிட்டு, ஊரறியக் குடியை விடுவதையே ஆதரவாக மாற்றியது. ஒன்று அந்நியரின் நட்பை நம்பியது. மற்றது அறிந்தவரின் சாட்சியத்தை நம்பியது. எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவிடை இல்லை. குடியை விட்டவர் மீண்டும் வழுக்கினால் ஊரின் சாட்சியம் ஏளனமாக மாறுவதற்கு ஒருநாள் போதும். முகாமுக்குப் பிந்தைய தொடர்கண்காணிப்பு முகாம் அளவுக்கே முக்கியமாவது இதனால்தான்.

முகாம் பேசாத ஒன்றை நெல்லூர் மாவட்டப் பெண்கள் பேசினர். 1990களின் தொடக்கத்தில் முழு எழுத்தறிவு இயக்கத்தின் இரவு வகுப்புகளில் கூடிய பெண்கள், குடிகாரக் கணவனால் அழியும் ஒருத்தியின் கதையைப் பாடநூலில் படித்துத் தம் வாழ்வை அதில் கண்டனர். 1992இல் தூபகுண்ட கிராமத்தில் ரோசம்மா முதலிய பெண்கள் சாராயக் கடைக்கு எதிராகத் திரண்டனர். போராட்டம் மாவட்டமெங்கும் பரவிச் சாராய ஏலங்களைத் தடுத்தது. 1993 அக்டோபர் முதல் ஆந்திரத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் வந்த முழு மதுவிலக்கு 1997இல் தளர்த்தப்பட்டது.

மதுவிலக்கின் வெற்றி தோல்வியைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மீட்பின் வரலாற்றில் தூபகுண்டவின் இடம் வேறு. கணவரின் குடி தத்தம் வீட்டுத் தலைவிதி என்று தனித்தனியே நினைத்திருந்த பெண்கள், அது கிராமத்தின் பொதுச்சிக்கல் என்று பேசக் கற்றது அங்கேதான். ஆயினும் கடை மூடியபின் குடிநோயாளியின் உடலுக்கும் மனத்துக்கும் என்ன ஆதரவு என்ற கேள்வி அப்போராட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. கடையைப் பற்றிய கேள்வி முகாமின் எல்லைக்கு வெளியே நின்றது. ஒன்றுக்கொன்று தேவையான இரண்டு முயற்சிகளும் தனித்தனியாகவே நடந்தன.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த ஒரு மனநலக் காப்பகத்தின் கூரைக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தோர் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நாடு முழுதும் இத்தகைய காப்பகங்கள் பற்றிய கேள்வி எழுந்தது.

அமிர்தசரசின் கூடாரமும் ஏர்வாடியின் கொட்டகையும் தோற்றத்தில் ஒத்தவை. இரண்டும் மலிவான, தற்காலிகமான கூரைகள்; இரண்டும் அரசு மருத்துவமனையின் போதாமையிலிருந்து பிறந்தவை. முன்னதில் குடும்பம் உடன் தங்கியது. பின்னதில் பலரின் குடும்பம் பணம் கட்டிவிட்டுத் திரும்பியது. இதைக் கொண்டு அக்குடும்பங்களைக் கொடியவர் என்று தீர்ப்பெழுதுவது எளிது; நியாயமன்று. அமிர்தசரசில் குடும்பத்துக்குக் கற்பிக்க ஒருவர் இருந்தார், அருகில் மருந்து இருந்தது, பக்கத்துக் கூடாரத்தின் துணை இருந்தது. ஏர்வாடிக்கு வந்த குடும்பம் ஆண்டுக்கணக்கில் தனியே சுமந்து களைத்த குடும்பம்.

‘உறவினர்’ என்ற சொல்லையும் இங்கே நின்று நோக்க வேண்டும். இச்சொல் பாலைக் காட்டுவதில்லை. உடன் தங்குவோர், தொடர்கண்காணிப்புக்கு அழைத்து வருவோர், மருந்தை நினைவூட்டுவோர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் தாயும் மனைவியுமே விடையாக வருவர். அந்தத் தாய் நோயுற்றால் யார் உடனிருப்பார், குடும்பமே இல்லாதவர் எங்கே போவார் என்ற கேள்விகளுக்குக் குடும்பத்தை மட்டும் நம்பிய மாதிரியில் விடையில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இவற்றுக்குச் சட்ட அளவில் விடை தர முயன்றது. சங்கிலியால் கட்டுவதை எவ்வகையிலும் தடைசெய்தது. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை நிறுவனத்தில் வைத்திருக்கக்கூடாது என்றது. சமூகத்தில் வாழ்வதை உரிமையாக்கியது. மதுவும் போதைப்பொருளும் சார்ந்த மனநிலைகளை மனநோயின் வரையறைக்குள் கொண்டுவந்தது.

உரிமைக்கும் நடப்புக்கும் இடையிலான தொலைவு பெரிது. 2019இல் வெளியான அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவன ஆய்வின்படி, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிக்கு மேல். மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. இத்தொலைவை மருத்துவர்களால் மட்டும் கடக்க முடியாது என்பதற்குக் கோவாவின் சங்காத் அமைப்பு சான்று தேடியது. மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்வாசிகள் பயிற்சி பெற்று, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக அமர்ந்தனர். நோய்ப்பெயரை முத்திரையாகக் குத்தாமல், ‘டென்ஷன்’ போன்று மக்கள் தாமே வழங்கும் சொற்களிலிருந்து பேச்சைத் தொடங்கினர். தீங்குதரும் அளவில் குடித்த 377 ஆண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், இவ்வகைச் சில அமர்வுகளே குடியைக் குறைக்கத் துணைசெய்தது தெரியவந்தது. வித்யாசாகர் குடும்பத்துக்குக் கற்பித்ததை இவர்கள் அயலாருக்குக் கற்பித்தார்கள் எனலாம். உடனிருப்பது இரத்த உறவின் இயல்பு மட்டும் அன்று, பயிற்சியாலும் ஊதியத்தாலும் தொடர்ந்த மேற்பார்வையாலும் உருவாக்கத்தக்க ஒரு பணி என்பது இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம்.

அமிர்தசரஸ் மருத்துவமனை இன்று வித்யாசாகர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே மாவட்டத்தில் 2017 அக்டோபரில், பஞ்சாப் அரசின் புறநோயாளி அபினிய மீட்பு மையங்கள் முதற்கட்டமாகத் தொடங்கப்பட்டன. அம்லி என்று அழைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஹெராயினிலிருந்து மீள அங்கே வரிசையில் நிற்கிறார்கள். அம்மையங்கள் தரும் மாத்திரை உயிர்காப்பது. அதற்கு மாற்று இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் இளைஞனின் அருகில் அன்று மாலை யார் அமர்ந்திருப்பார், அப்படி அமர்பவருக்கு யார் கற்பிப்பார், அவர் களைத்துப்போனால் யார் மாற்றுக்கு வருவார் என்பவை எழுபதாண்டுகளுக்கு முன் அந்நகரின் கூடாரங்கள் எழுப்பிய கேள்விகள். அவற்றுக்கு அன்று ஒரு விடை செய்து காட்டப்பட்டது. இன்றைய விடையைச் செய்ய வேண்டிய பொறுப்பு அந்தத் தாயின் மேல் மட்டும் இருக்கக்கூடாது.