காக்களூர் மேடையும் பழவேற்காட்டுப் பரணும்: சின்ன லேப்டாப்பில் லினக்ஸ் வந்த கதை

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூர்ல மேடை போட்டு, அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வெச்சாங்க. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்கும் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு. அடுத்த எட்டொன்பது வருஷத்துல ஐம்பது லட்சத்துக்கும் மேல போயிருக்கு.

அதே மாவட்டத்தோட கடலோர மூலைதான் பழவேற்காடு. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. 1613-ல டச்சுக்காரங்க ஜெல்ட்ரியா கோட்டை கட்டின ஊர். அங்க இருக்கிற மீனவக் குப்பங்கள்ல நிறைய வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டரே அந்த அரசு லேப்டாப்தான்.

இப்ப அதுல பாதி பரண்மேல. உப்புக் காத்துல கீபோர்டு போனது சிலது. ஆனா பலது கெட்டுப் போகல. ஆன் பண்ணா பத்து நிமிஷம் சுத்துது, அவ்வளவுதான். "பழசாயிடுச்சு சார்"னு மூடி வெச்சுட்டாங்க.

மெஷின் பழசானது உண்மை. ஆனா அதைப் படுக்க வெச்சது உள்ள ஓடுற சிஸ்டம். இரண்டையும் பிரிச்சுப் பார்க்கணும். அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

2007. ஏழைக் குழந்தைகளுக்கு நூறு டாலர்ல லேப்டாப்னு ஓஎல்பிசி திட்டம் உலகம் முழுக்கப் பேசப்பட்ட நேரம். இந்தியக் கல்வி அமைச்சகம் அதுக்கு முந்தின வருஷமே வேண்டாம்னு சொல்லிடுச்சு. 2007 கடைசியில ஆசுஸ் கம்பெனி ஈ பிசி 701-னு ஒண்ணு இறக்கினாங்க. ஏழு அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பு. எடை ஒரு கிலோகூட இல்ல. நெட்புக் அலை அங்கதான் ஆரம்பிச்சுது.

அதுல ஓடினது லினக்ஸ். பெருந்தன்மை எல்லாம் இல்ல. அப்போதைய புது விண்டோஸ் விஸ்டாவுக்கு 4 ஜிபி டிஸ்க்ல இடமே பத்தாது. இரண்டாவது, லைசன்ஸ் காசு. மெஷினே சல்லிசு விலைன்னா சாஃப்ட்வேருக்கு எங்க போறது?

மைக்ரோசாஃப்ட் முழிச்சுக்கிச்சு. கடையை விட்டு எடுக்க நாள் குறிச்சிருந்த எக்ஸ்பி-க்கு, 2008 ஏப்ரல்ல சின்ன மெஷின்களுக்கு மட்டும் ஆயுளை நீட்டிச்சாங்க. அப்புறம் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அதுல வால்பேப்பரைக்கூட மாத்த முடியாது! இருந்தாலும் ஜனங்க பழகின முகத்தையே கேட்டாங்க. ஓரிரு வருஷத்துல நெட்புக்ல லினக்ஸ் ஓரமாப் போச்சு.

நம்ம ஊர்ல கதை கொஞ்சம் வேற. 2007 வாக்குல உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் மேலாண்மை இயக்குநரா இருந்தப்ப, அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாத்தினார். அரசுப் பள்ளிகளுக்கும் அதைக் கொண்டுபோனார். அதே 2007-ல சென்னை சி-டாக், டெபியனை அடித்தளமா வெச்சு பாஸ் லினக்ஸை வெளியிட்டாங்க. இந்திய மொழிகள் உள்ளேயே இருக்கும். பிளஸ் டூ புத்தகத்துல ஸ்டார் ஆபீஸ் படிச்ச தலைமுறையும் இங்க உண்டு, ஞாபகம் இருக்கா? அதுக்கெல்லாம் முன்னாடியே, 2000-ஐ ஒட்டி, சம்பளம் வாங்காத தமிழ்ப் பசங்க ராத்திரி கண் விழிச்சு கேடிஇ மெனுக்களைத் தமிழாக்கிட்டு இருந்தாங்க.

அரசு லேப்டாப்களிலும், குறிப்பா பிற்காலத்துல வந்ததுல, விண்டோஸோட பாஸ் லினக்ஸும் டூயல் பூட்டா இருந்தது. ஆன் பண்ணதும் இரண்டு வரி வருமே, அதுல ஒண்ணு. அது என்னன்னு வகுப்புல உட்காரவெச்சு சொல்லிக்கொடுத்த பள்ளி எத்தனை? என் கணிப்புல, திட்டம் வழுக்கின இடம் இதுதான். மருந்தைக் கையில கொடுத்துட்டு எப்படிச் சாப்பிடணும்னு சொல்லாம அனுப்பின மாதிரி.

"மீனவ கிராமத்துக்கு எதுக்கு சார் கம்ப்யூட்டர்"னு கேட்கிறவங்களுக்கு ஒரு பழைய செய்தி. 1998-லிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்கள்ல அறிவு மையங்கள் வெச்சாங்க. வீராம்பட்டினத்துல அமெரிக்கக் கடற்படை இணையதளத்துலேருந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, ஒலிபெருக்கியில சொல்வாங்க. 2004 டிசம்பர் 26 காலையில, சிங்கப்பூர்ல இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருத்தர் டிவியைப் பார்த்துட்டு ஊருக்கு ஃபோன் அடிச்சார். அந்த மையத்து ஒலிபெருக்கிதான் ஊரை மேட்டுக்கு ஓட வெச்சது.

இன்னைக்கு அலை, காத்து எல்லாம் ஃபோன்லயே வந்துடுது. ஒத்துக்கறேன். ஆனா ஃபோன்ல முடியாத வேலை ஒண்ணு இருக்கு. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பத்தி மீனவர்கள் பேசணும்னா சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படிக்கணும். 2006 அறிவிக்கைப்படி சுருக்கம் மட்டும்தான் தமிழ்ல கட்டாயம். முழு அறிக்கை தடித்தடியா இங்கிலீஷ் பிடிஎஃப். அதை அஞ்சு அங்குலத் திரையில விரலால தள்ளித் தள்ளி வரைபடம் பார்த்து, ஆட்சேபனை மனு டைப் பண்ண முடியுமா? பரண்மேல கிடக்கிற மெஷினுக்கு இது தாராளமா முடியும்.

சரி, இப்ப என்ன பண்றது? விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 எல்லாம் வேணும். பழைய அரசு லேப்டாப் பலதுல அது நடக்காது.

குழந்தைக்குப் பெரியவங்க டோஸ் கொடுக்க மாட்டோம். எடை பார்த்துத்தான் கொடுப்போம். இங்க எடைன்னா ரேம். 4 ஜிபி இருந்தா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போதும். 2 ஜிபின்னா லுபுண்டு, இல்ல டெபியன்ல எல்எக்ஸ்கியூட்டி. 1 ஜிபி-யோ அதுக்கும் கீழயோ இருந்தா ஆன்டிஎக்ஸ், இல்ல பப்பி. பப்பி 2003-ல ஆஸ்திரேலியாவுல பேரி கௌலர் ஆரம்பிச்சது, ரேமுக்குள்ளயே ஓடும்.

ஒரு சிக்கல். பழைய ஆட்டம் என்270 மாதிரி சிப் 32 பிட். உபுண்டு அதை எப்பவோ கைவிட்டாச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-லயும் 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது. அந்த மாதிரி மெஷினுக்கு டெபியன் 12 பாருங்க. வைஃபை ஃபர்ம்வேர் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலர்லயே சேர்ந்து வர ஆரம்பிச்சதும் அந்த 12-லதான். முன்னாடி வைஃபை இல்லாம நெட்புக்காரங்க பட்ட பாடு பெரும் பாடு.

ஒண்ணு சொல்லிடறேன். பத்து டேப்ல யூடியூப் ஓடும்னு எதிர்பார்க்காதீங்க. லிப்ரே ஆபீஸ், பிடிஎஃப், தமிழ்99-ல டைப்பிங், இரண்டு மூணு பக்கம் இணையம். ஏரியில பாடு முறையில யாருக்கு எந்த இடம்னு எழுதி வைக்கிற கணக்கை ஒரு ஷீட்ல ஏத்த இது போதும்.

போடறதுக்கு முன்னாடி பென்டிரைவ்லேருந்து லைவா ஓட்டிப் பாருங்க, ஹார்டுடிஸ்க்கைத் தொடாது. வைஃபை, சத்தம், டச்பேட் மூணும் வேலை செய்யுதான்னு பார்த்துக்கோங்க. பழைய ஃபோட்டோவெல்லாம் காப்பி எடுத்து வெச்சுக்கோங்க, கல்யாண ஆல்பமே அதுக்குள்ள கிடக்கும். இன்ஸ்டால் நடுவுல "முழு டிஸ்க்கையும் அழிக்கலாமா"ன்னு ஒரு திரை வரும். அங்க மட்டும் நிதானமாப் படிச்சுட்டு அழுத்துங்க.