மானியமும் நிபந்தனையும்

1854ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சார்லஸ் உட் பெயரால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட கல்விச் சாசனம், தனியார் தர்மத்தால் நடைபெறும் பள்ளிகளுக்குச் சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து உதவிநிதி வழங்கலாம் என்னும் கொள்கையை நிலைநாட்ட, மறு வருஷமே சென்னை ராஜதானியில் அதற்குரிய விதிகளும் பிறந்தன. நல்ல நிர்வாகமும், பரிசோதனைக்கு உடன்படும் மனமும் உள்ள எந்தப் பள்ளிக்கும் மதபேதமின்றி மானியம் உண்டு என்பது மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு நியாயமான ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் மாணாக்கரிடம் சொற்பமாகவேனும் சம்பளம் வசூலிக்க வேண்டும் என்ற விருப்பமும் அந்தச் சாசனத்திலேயே இடம்பெற்றிருந்தது.

பின்னர் வந்த 'பலனுக்கேற்ற மானியம்' இன்னும் கடுமையானது. குறித்த தினத்தில் இன்ஸ்பெக்டர் வந்து அமர்ந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பரீட்சித்து, தேறியவர் தொகைக்கேற்ப உதவித்தொகையை நிர்ணயிப்பார். அதுவரை உபாத்தியாயரின் ஜீவனத்துக்குப் பள்ளியை நடத்துவோரே வழிதேட வேண்டும். கைப்பணமுள்ள ஸ்தாபனம் காத்திருக்கும். சேரியில் கூரைக் கொட்டகையில் நடக்கும் பள்ளியோ, அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் பெற்றோருடன் வயலுக்குப் போய்விட்டால், பரீட்சைக்கு ஆளின்றி மானியத்தையும் இழந்து நிற்கும்.

1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர், தம் ஜில்லாவின் தாழ்த்தப்பட்ட மக்கள் நிலத்துக்கும் கல்விக்கும் வழியின்றித் தவிப்பதை விவரித்து ஓர் அறிக்கை எழுதினார். சர்க்காரும் 1893இல், அக்காலத்தில் பஞ்சமர் எனப்பட்ட அம்மக்களின் கல்விக்கென விசேஷ உத்தரவு பிறப்பித்து, பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம், ஆசிரியப் பயிற்சி பெறுவோருக்கு உபகாரத்தொகை முதலிய சலுகைகளை வழங்கலாயிற்று. ஏழைக்கு எல்லோருக்குமான விதியே போதும் என்ற நம்பிக்கை பிழை என்பதை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்ட ஆணையாக இதைக் கொள்ளலாம்.

அதற்கடுத்த ஆண்டு, 1894இல், பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட், தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவரான அயோத்திதாசப் பண்டிதர் முதலியோரின் தொடர்பினால் உந்தப்பட்டு, அடையாற்றுக்கு அருகிலுள்ள ஊரூரில் இலவசப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார்; பிற்பாடு நகரின் வேறு பகுதிகளிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. சம்பளம் கேளாமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளத் தனியார் தர்மத்தால் முடிந்தது. அதைத் தேசமெங்கும் பரப்பும் சக்தி சர்க்காரிடத்தில்தான் இருந்தது.

மானியத்தின் பெருமை அதன் தொகையில் இல்லை, நிபந்தனையில் இருக்கிறது. சிறு சங்கங்களுக்கான மானிய விதிகளை இன்று எழுதுவோர், அவற்றை நிறைவேற்ற யாரிடம் பணமும் காலமும் உண்டு என்பதை முதலில் விசாரித்துவிட்டுப் பேனா பிடிப்பார்களாக.