மணியும் மணி நேரமும்

ரயில் மூன்று மணிக்கு வந்தது என்கிறோம். மூன்று மணி நேரம் தாமதித்து வந்தது என்றும் கூறுகிறோம். முன்னது காலத்தில் ஒரு புள்ளி. பின்னது காலத்தின் நீளம். 'நேரம்' என்னும் ஒரே சொல்லால் தமிழ் இவ்விரண்டையும் பிரித்து வைக்கிறது. எண்ணால் 3:00 என்று எழுதிவிட்டாலோ அவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாக வகுத்தனர். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிஷம். அதில் அறுபதில் ஒரு பங்கு விநாழிகை. உதயாதி நாழிகை பத்து என்றால் அது காலப் புள்ளியும் ஆகும். சூரியோதயம் முதல் கழிந்த நீளமும் ஆகும். எண்ணிக்கையின் தொடக்கம் யாவர் கண்ணுக்கும் தெரிந்திருந்தமையால் குழப்பம் நேரவில்லை.

ஆனால், உதயம் ஊருக்கு ஊர் மாறும். ரயில்கள் ஓடத் தொடங்கியபின் பொதுவானதொரு நேரம் வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்கள் சென்னை வானாய்வு நிலையத்தின் நேரத்தைக் கைக்கொண்டன. 1906 ஜனவரி 1 முதல், 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டு, கிரீன்விச்சுக்கு 5½ மணி நேரம் முந்திய இந்திய நியம நேரம் ஏற்பட்டது.

அந்த ஐந்தரை மணி நேரம் இன்று கணிப்பொறியிலும் குறுக்கிடுகிறது. 'யூனிக்ஸ்' முறையைப் பின்பற்றும் பொறிகள், 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு தொடங்கி விநாடிகளை எண்ணுகின்றன. அக்கணத்தில் இந்தியாவில் காலை 5:30. தில்லியிலிருந்து சென்னைக்கு 33 மணி நேரப் பயணம் என்று கொள்வோம். நிரல் எழுதுபவர் அந்த நீளத்தைக் கடிகார நேரமாக எண்ணி அச்சிடச் செய்தால், 24 மணி நேரம் ஒரு நாளாகக் கழிந்து 9:00 என்றே தோன்றும். இந்திய நேரமும் சேர்ந்துகொண்டால் 14:30 ஆகிவிடும். வீட்டில் காத்திருப்போர் எதை நம்புவது?

இதற்குப் பரிகாரம் உண்டு. நாள், மணி, நிமிஷம் என்னும் அலகுகளை எண்ணோடு சேர்த்தே எழுத வேண்டும். 1988-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் சர்வதேச நியமம், கால நீளத்தின் முன் 'பி' என்னும் ஆங்கில எழுத்தை இட்டு, அது கடிகார நேரமன்று என்று உணர்த்துகிறது. நம் பேச்சில் 'நேரம்' என்னும் சொல் செய்யும் பணியையே அவ்வோர் எழுத்தும் செய்கிறது. பிற மாநிலங்களில் வாழ்ந்து, ஊருக்குச் செல்லும் நாளை எண்ணியிருக்கும் நமக்கு, அந்தச் சிறு சொல்லின் அருமை நன்கு விளங்கும்.