கணக்கும் நடுநிலையும்

நடுநிலைக்குத் துலாக்கோலை உவமை கூறுதல் நம் முன்னோர் மரபு. இக்காலத்தார் அவ்விடத்திற் கணக்கை வைக்கின்றனர். எண்ணுக்கு இனமில்லை, மொழியில்லை. ஆதலின் எண் காட்டும் முடிவு நேரியது என்பது அவர் துணிபு. அத்துணிபு எத்துணை உண்மையென்பதை யாழ்ப்பாணம் அரை நூற்றாண்டின் முன்னரே அனுபவித்து அறிந்தது.

1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியிலே, பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர்க்கு 227 புள்ளி போதியதாயிற்று. தமிழ் மொழிமூல மாணவர்க்கோ 250 வேண்டப்பட்டது. 1973இல் 'தரப்படுத்தல்' வந்தது. ஒவ்வொரு மொழிமூலத்தாரின் புள்ளிகளும் தனித்தனியே கணிக்கப்பட்டு, ஒரே அளவுகோலுக்கு மாற்றப்பட்டன. இருசாராரும் சராசரியில் ஒரே தரத்தினர் என்பது அக்கணக்கின் அடியிற் கிடந்த ஊகம். அது பரீட்சை காட்டிய முடிவன்று. கணக்குத் தொடங்குமுன் மனிதர் இட்டது. 1974இல் மாவட்டப் பங்கீடும் சேர்ந்தது. பொறியியலுக்குத் தெரிவானோருள் 1973இல் நூற்றுக்கு 24.4 ஆயிருந்த தமிழர் தொகை, 1974இல் 16.3 ஆயிற்று. இரவெல்லாம் விளக்கின்கீழ்ப் படித்த பிள்ளைகள் தாம் செய்த குற்றம் யாதென வினவினர், விடை கூறுவாரில்லை.

மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. நல்ல ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத மாவட்டங்களுக்கு, அவற்றுள் மன்னார் போன்ற தமிழ்ப் பகுதிகளுக்கும், மாவட்டப் பங்கீடு வழி திறந்தது. வசதிக் குறைவுக்கு ஈடுசெய்தல் வேறு. மொழியைக் கொண்டு தரம் பிரித்தல் வேறு. 1977இல் ஆட்சி மாறிய பின்னர் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்டப் பங்கீடு இன்றும் நிலவுகின்றது.

பின்னர் வந்த 'இசட் புள்ளி' முறையிலும் இடர் நேர்ந்தது. 2011ஆம் ஆண்டுப் பரீட்சைக்குப் பழைய, புதிய பாடத்திட்டங்களின் மாணவரை ஒன்றாக்கிக் கணித்தமை தவறென 2012இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2020இல் கொள்ளை நோயாற் பரீட்சை தடைப்பட்டபோது, இங்கிலாந்திலே ஆசிரியர் மதிப்பீட்டைப் பாடசாலையின் முற்காலப் பெறுபேற்றோடு பொருத்திக் கணினி திருத்திற்று. நூற்றுக்கு ஏறக்குறைய 40 மதிப்பீடுகள் தாழ்ந்தன. பெறுபேறு குறைந்த பாடசாலையின் கெட்டிக்கார மாணவன், தன் பாடசாலையின் பழங்கணக்காற் பின்தள்ளப்பட்டான். மாணவர் தெருவில் இறங்கினர். நான்கே நாளில் அம்முடிவு மீளப் பெறப்பட்டது.

இன்று கடன் கொடுக்கவும் வேலைக்கு ஆள் தெரியவும் கணினிக் கணக்கு வந்துவிட்டது. இளைஞர்காள்! கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள், கண்டு மலைக்க வேண்டா. விடை சரியா என்று கேட்குமுன், அதனுள் இட்ட ஊகம் யாது, இட்டவர் யாவர் என்று கேளுங்கள். கோல் கோணலாயின் நிறுப்பவன் கை நடுங்காமையால் யாது பயன்?